தாராவியில் ஏறிய வட்டி

தாராவியில் தோல் பை தைக்கும் என் சித்தப்பாவுக்கு ரிசர்வ் வங்கி மீது தீராத கோபம். "நாடு வளர்கிறதாம், என் கடனுக்கு மட்டும் ஏன் வட்டி ஏறுகிறது?" என்பார். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, அடுத்த பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. கோபம் வராதா?

ஆனால் 2013 மறந்துவிட்டதா? சந்தையில் பணம் புழங்குவதற்காகக் கடன் பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் மே மாதம் வாயால்தான் சொன்னார். அங்கே வட்டி ஏறும் என்று முதலீட்டாளர்கள் பணத்தை இங்கிருந்து எடுக்க, அதற்கே 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68-ஐத் தாண்டியது. பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா நாணயங்களும் சரிந்தன. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாம் ரூபாய் சரிவதைக் கைகட்டிப் பார்க்க முடியாது; இங்கே வட்டியை ஏற்றினால் அந்தப் பணம் ஓடுவது குறையும், விலைவாசியும் அடங்கும். விலைவாசி ஏறும்போதே வட்டியைக் குறைத்துப் பார்த்த துருக்கியில், 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம்!

ஆகவே வட்டியை ஏற்றியது சரி என்பதே என் கட்சி. சுமை விழுந்த இடம்தான் உறுத்துகிறது. வங்கிகள் புதிதாகத் தரும் சிறுதொழில் கடன்களின் மாறும் வட்டி 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். பெரிய நிறுவனங்களுக்கோ பத்திரச் சந்தை, வெளிநாட்டுக் கடன் என்று இன்னும் இரண்டு வாசல்கள்.