அம்மாவின் இருமலுக்குக் காரணம் பிபி மாத்திரை

அம்மாவுக்குச் சுகர் பல வருடமாக உண்டு. பிபியும் சேர்ந்துகொண்டதும் அரசு மருத்துவமனையில் எனலாப்ரில் எழுதினார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவதால் கிட்னிக்கும் இதுதான் நல்லது என்றார் டாக்டர். பிபி 130/80-க்குப் பக்கத்தில் வந்தும் விட்டது.

அதன் பிறகுதான் இருமல். சளியே இல்லாத வறட்டு இருமல், ராத்திரி படுத்தால் இன்னும் மோசம். மருந்துக்கடையில் சுகர், பிபி இரண்டும் உண்டு என்று சொல்லித்தான் சிரப் கேட்டேன். வீட்டில் லேபிளைப் படித்தால் சர்க்கரைப் பாகு! போதாததற்கு மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின், அது பிபியை ஏற்றிவிடும்.

அடுத்து ஒரு தனியார் கிளினிக். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவே இல்லை. நான் நீட்டிய நோட்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆன்டிபயாடிக் எழுதினார். சுகர்காரர்களுக்கு டிபி வர வாய்ப்பு அதிகம் என்று எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. அது நியாயம்தான். ஆனால் வராத சளிக்கு அம்மா எங்கே போவார்? லேபில் டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது வெறும் எச்சில், நாளைக்குக் காலையில வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருவழியாக எல்லாம் நார்மல். இருமல் மட்டும் போகவில்லை.

கண்டுபிடித்தவர் மாதாமாதம் மாத்திரை வாங்கும் இடத்தில் இருக்கும் நர்ஸ். வரிசையில் அம்மா இருமுவதைக் கேட்டு, "ஏம்மா, இது பிபி மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறமா வந்துச்சு?" என்றார். அவ்வளவுதான். டாக்டர் எனலாப்ரிலை நிறுத்தி, லோசார்டன் என்ற வேறு பிபி மாத்திரைக்கு மாற்றினார். அதுவும் கிட்னியைக் காக்கும், இந்த இருமல் அதில் அபூர்வம்.

மாற்றிய மறுநாளே இருமல் நிற்கும் என்று நினைக்காதீர்கள், சில வாரம் இழுக்கும். பயந்துபோய் பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் எனலாப்ரில் அட்டையை முதலில் அப்புறப்படுத்துங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்டும், பொட்டாசியம் டெஸ்டும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா பிபிக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் கொடுத்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள், லோசார்டனோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிடலாம். நல்லவேளை, பிரிப்பதற்கு முன் நர்ஸிடம் கேட்டோம்.