சுவாமிமலைல விருது வார்த்த கதை

நாட்டு நெல் போடுற விவசாயிகளுக்கு நாங்க சில பேர் சேந்து பொங்கல் சமயத்துல சின்னதா ஒரு விழா எடுப்போம், எப்பவும் தங்கக் கலர் பிளாஸ்டிக் கப்புதான். இந்த தடவ வெண்கலத்துல குடுப்போம்னு நான்தான் வாய விட்டேன், வேலையும் என் தலையிலயே விழுந்துச்சு.

நெற்கதிர் வளைஞ்சு தொங்குற மாதிரி கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி எடுத்துட்டு கும்பகோணம் பக்கத்துல சுவாமிமலைக்கு போனேன். ஸ்தபதி அத பாத்துட்டு "தம்பி, இந்த நுனில உலோகம் எப்படி ஓடும்?"னாரு. மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண்ணு பூசி அச்சாக்கி, சுட்டு மெழுக உருக்கி வெளியேத்திட்டு அந்த எடத்துலதான் உலோகத்த ஊத்துவாங்க. மெழுகு இருந்த எடம்தான் உலோகம் போற வழி, அது முடி மாதிரி இருந்தா பாதிலயே உறைஞ்சிடுமாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெய் விட்டு காய்ச்சின மெழுகுல, கதிர தண்டோட ஒட்டி மணிய தடியாக்கி அவரே ஒன்னு உருட்டி காட்டினாரு. என் டிசைன விட நல்லாருந்துச்சு, என்ன பண்றது.

4 விருதுன்னா 4 மெழுகு தனித்தனியா கையால செய்யணும், ஏன்னா மண் அச்ச ஒடச்சாதான் உள்ள இருக்குறது வெளில வரும். ரேட்டு கிலோ கணக்கு. மெழுக நிறுத்து அதுக்கு 8, 9 மடங்கு உலோகம்னு போடுறாங்க, கால் கிலோ மெழுகுக்கே 2 கிலோவ தாண்டுது. அத கேட்டதும் பீடத்த மரத்துல வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். உலோகமும் ஸ்கூல்ல படிச்ச செம்பு வெள்ளீயம் கலவை இல்ல, செம்பு, பித்தளை, கொஞ்சம் ஈயம்.

நான் பண்ணின தப்பு கார்த்திகைல ஆர்டர் குடுத்தது. மொதல்ல காவிரி வண்டல நைசா பூசி, அது காஞ்சப்புறம் களிமண்ணு, அதுக்கு மேல மணல் கலந்த மண்ணுன்னு ஒவ்வொரு பூச்சா நிழல்ல காயணும், மழையோ விடவே இல்ல. ஈரம் இருந்தா உலோகம் ஊத்தும்போது அச்சு வெடிச்சிடும்னு சொன்னதுக்கப்புறம் போன் பண்ணி நச்சரிக்கிறத நிறுத்திட்டேன்.

வார்ப்பு அன்னிக்கு வரட்டி போட்டு அச்ச சுட்டாங்க, மெழுகு உருகி ஓட்டை வழியா ஒழுகிடுச்சு. சூடு ஆறுறதுக்குள்ள அத குழில நட்டு மண்ண கெட்டிச்சு, மூசைலேந்து, அதாவது உலோகம் உருக்குற பாத்திரத்துலேந்து, ஒரே தாரையா ஊத்தினாரு, நடுவுல அறுபடக் கூடாதாம். யாரும் பேசல, நான் போட்டோ எடுக்கவே மறந்துட்டேன்.

ஆறினப்புறம் ஒடச்சு பாத்தா கருகருன்னு அடுப்புலேந்து எடுத்த கட்ட மாதிரி இருக்கு. மூனு நல்லா வந்துச்சு, நாலாவதுல கதிரோட நுனிய காணோம், காத்து வெளியேற வழி அடைச்சிடுச்சு. ஒட்டு போட்டு தரலாமான்னு கேட்டேன், "அது நல்லாருக்காது தம்பி"ன்னு மூசைலயே திருப்பி போட்டுட்டாரு. மறுபடி மெழுகு, மறுபடி மண்ணு, மறுபடி மழை.

அப்புறம் அரம், சிற்றுளி, உப்புத்தாள், கடைசியா புளி போட்டு தேச்சதும் பளபளன்னு மஞ்சளா ஆயிடுச்சு. எங்க குரூப்புல ஒருத்தர் "என்னப்பா, இது வெண்கலக் கலர்லயே இல்லயே"ங்குறாரு. பழுப்பா வேணும்னா நாலஞ்சு வருஷம் தொடைக்காம வைங்க சார்னேன்.

நாலாவது விழாவுக்கு மொத நாள் ராத்திரிதான் கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷம் 6 வேணுமாம், சித்திரை வெயில்லயே மண்ணு காய வச்சுடணும்.