ஓக் தரைக்கு எந்த உப்புத்தாள்?

பழைய ஓக் மரத்தரையைத் தேய்த்துப் புதுசாக்கப் போகிறவர்கள் எந்த மெஷின் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், உப்புத்தாள்தான் முக்கியம்.

பழைய வார்னிஷ் கெட்டியாக இருந்தால் 36-ஆம் நம்பர் தாளில் தொடங்குங்கள் (நம்பர் குறையக் குறையத் தாள் முரடு). அப்புறம் 60, 80, கடைசியாக 100. நேரம் மிச்சம் என்று 36-இலிருந்து நேராக 100-க்குத் தாவவே கூடாது. முதல் தாள் போட்ட ஆழமான கீறலை 100 எடுக்காது. வெறும் மரத்தில் அது கண்ணில் படாது. மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் பூசியதும் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள், கீறல் எல்லாம் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

முரட்டுத் தேய்ப்புக்கு செராமிக் அல்லது சிர்கோனியா துகள் ஒட்டிய தாள், விலை கூடினாலும் சரி. சாதாரண அலுமினியம் ஆக்சைடு சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய தாள் மரத்தைச் சீவாது, சூடாக்கி வழவழப்பாக்கிவிடும். ஸ்டெயின் பூசுவதாக இருந்தால் 150, 180 வரை போக வேண்டாம், நிறம் சரியாகப் பிடிக்காது.

அப்புறம், தூசிப் பையை ராத்திரி வீட்டுக்குள் விட்டுவைக்காதீர்கள், ப்ளீஸ். வார்னிஷ் கலந்த மரத்தூள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்த கையோடு வெளியே கொண்டுபோய் இரும்பு வாளியில் கொட்டிவிடுங்கள்.