ஒன்றரை ஷிப்டும் உடைந்த ஊசியும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கூலி பேசுவது ஷிப்ட் கணக்கில். எட்டு மணி நேரம் தைத்தால் ஒரு ஷிப்ட், இன்னும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றரை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 60. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு. அந்த நாலு மணி நேரத்துக்கு 480 சேர்ந்து, அன்றைக்கு 960 வர வேண்டும். கைக்கு வருவது 720, அதாவது 240 குறைவு.

ஆர்டர் கொடுக்கும் பையர் தரப்பு ஆடிட்டுக்குக் காட்டும் ஏட்டில் இது இருக்காது. அதில் எல்லாருக்கும் எட்டு மணி நேரம், ஞாயிறு லீவு.

உண்மை வேண்டுமென்றால் உடைந்த ஊசி நோட்டைக் கேளுங்கள். துணிக்குள் ஊசித்துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி செல்லோ டேப்பில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுத வேண்டும். எழுதுவது குவாலிட்டி ஆட்கள். கூலி ஏட்டைத் திருத்துபவருக்கு இந்த நோட்டின் ஞாபகமே பெரும்பாலும் வராது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஊசி உடைந்திருந்தால், லீவு நாளில் தைத்தது யார்? ஜெனரேட்டர் டீசல் நோட்டையும் டெலிவரி சலானையும் பக்கத்தில் வைத்தால் மிச்சமும் தெரிந்துவிடும்.

பீஸ் கணக்கும் உதவும். 40 டெய்லர், எட்டு மணி நேரம்: 19,200 நிமிடம். 60 சதவீதத் திறனில் 11,520. பீஸுக்குப் பத்து நிமிடம் என்றால் சுமார் 1,150 பீஸ். தினமும் 1,700 பீஸ் வெளியே போனால் அந்த எட்டு மணி நேரம் பொய்.

கண்டுபிடித்த கையோடு ஆர்டரை ரத்து செய்வது மகா தப்பு. வேலை போவது டெய்லருக்கு. முதலாளி அடுத்த முறை ஊசி நோட்டையும் இரண்டாக வைப்பார். முதலில் பையர் தன் மெயிலைத் திறந்து பார்க்கட்டும். லேப் டிப்புக்கு, அதாவது சாயம் போட்டு அனுப்பும் கலர் மாதிரித் துணிக்கு, எந்தத் தேதியில் ஓகே சொன்னார்? கலர் முடிவாக இரண்டு வாரம் தாமதம், சாயப்பட்டறையில் இன்னும் நாலு நாள், ஷிப்மென்ட் தேதி மட்டும் அசையவில்லை என்றால் ராத்திரி வேலை அங்கேதான் பிறக்கிறது. தேதியைத் தள்ளுங்கள். விலையில் கூலிப் பங்கைத் தனியாக எழுதி, அதன்மேல் பேரம் பேசாதீர்கள்.

லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கிறோமே என்பார்கள். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு கேட்பது வேறு. சொந்தத் தொழிலாளிக்குச் செய்வது அந்தக் கணக்கில் வரவே வராது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டினாலும் அந்த 240 ரூபாய் பாக்கிதான்.

காஜா பட்டன், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும். சலானில் உள்ள முகவரிகளைப் பட்டியல் போட்டு நேரில் போங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத ஆட்கள் பெரும்பாலும் அங்கேதான்.

தொழிலாளியிடம் பேசும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கக் கூடாது. "எத்தனை மணி நேரம் வேலை?" என்றால் சொல்லிக்கொடுத்த பதில் வரும். "நேத்து எத்தனை மணிக்கு வண்டி ஏறுனீங்கம்மா?" என்று கேளுங்கள். புகார்ப் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். கேமராவுக்கு நேர் கீழே இருந்தால், திறந்து பார்க்க வேண்டியதே இல்லை.