சி.டி. நார்மல்

வியாசர்பாடியிலிருந்து தினமும் அம்பத்தூர் போய், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிக் குறிப்புகளுக்கு, மெடிக்கல் கோடு (நோய்க்கும் காயத்துக்கும் உரிய குறியீட்டு எண்) போடுகிறேன். ஏழு வருடம் ஆகிறது. அதில் ஒரு சார்ட் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பதினாறு வயதுப் பையன். ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தை ஹெட் பண்ண எழும்பியபோது எதிரணிப் பையனோடு தலை மோதிவிட்டது. மயங்கவில்லை. ஒரு தடவை வாந்தி. முதல் பாதி ஆட்டமே நினைவில் இல்லை. சி.டி. நார்மல். டாக்டர் எழுதியிருந்த டயக்னோசிஸ், வெறும் ‘ஹெட் இன்ஜுரி’.

எஸ்09.90 போட்டேன். இன்னதென்று சொல்லாத தலைக்காயம் என்று அர்த்தம். கன்கஷனுக்கு, அதாவது அடியில் மூளை குலுங்கிப்போவதற்கு, உரியது எஸ்06.0. ஆனால் டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது. ‘கன்கஷனாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தாலும், வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் சார்ட்டில் அதை எடுக்க முடியாது. தலைவலி, தலைசுற்றல் என்று அறிகுறிகளுக்குத்தான் கோடு. ஆடிட்டில் அந்தச் சார்ட்டுக்கு ஒரு பிழையும் வரவில்லை.

கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையன் முல்லை நகர் மைதானத்தில் அதே மாதிரி மோதிக்கொண்டு வந்தான். “அக்கா, நாங்க ஜெயிச்சோமா?” என்றான். ஆமாம் என்றேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சீட்டில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: தலையில் அடி, சி.டி. நார்மல். அவன் அம்மாவுக்கு உயிர் வந்தது. அவனோ புதன்கிழமை மேட்ச் இருக்கிறது என்று ஷூவைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான்.

ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் சி.டி. காட்டும், கன்கஷன் அதில் தெரியாது. பெரும்பாலானவர்கள் மயங்குவதும் இல்லை. ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் பெரிய ஆபத்து. கன்கஷன் என்று பெயர் சொல்லிவிட்டால் ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். ‘தலையில் அடி’க்கு அப்படி எதுவும் கிடையாது. அன்று இரவு அவன் அம்மாவோடு வெகுநேரம் பேசினேன். அடுத்த நாள் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். மூன்று வாரம் கழித்துத்தான் மைதானத்தில் இறங்கினான்.

விளையாட்டில் பட்ட அடி என்பதுகூடப் பல சார்ட்டுகளில் தொலைந்துபோகிறது. ஃபுட்பாலுக்கு ஒய்93.66, பாக்சிங்குக்கு ஒய்93.71 என்று கோடுகள் இருக்கின்றன (நம் கபடிக்குத் தனியாக இல்லை). அமெரிக்காவில் தேசிய அளவில் இவை கட்டாயம் இல்லை என்பதால் டார்கெட் அவசரத்தில் விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன். இப்போது விடுவதில்லை.

அப்புறம், வாந்தியும் மறதியும் இருந்து டயக்னோசிஸ் மொட்டையாக இருந்தால், சார்ட்டை ஹோல்டில் போட்டு டாக்டருக்குக் குவெரி அனுப்புகிறேன். எண்ணிக்கை குறைகிறது, டீம் லீடுக்கு வருத்தம்தான். பதில் எல்லோரிடமிருந்தும் வருவதில்லை. வருகிற சிலவற்றில் ஒரே வரி இருக்கும்: கன்கஷன், மயக்கமில்லை. எஸ்09.90-ஐ எடுத்துவிட்டு எஸ்06.0 போடுகிறேன், ஆறாவது இடத்தில் மயக்கமில்லை என்பதற்கான பூஜ்யத்தோடு.