முப்பதாவது நாளும் முப்பத்தெட்டாவது நாளும்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 30-வது நாள் காலையில், நான் கருவுற்றிருக்கிறேன் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். மார்பகங்கள் கனத்து வலித்தன, முந்தைய நான்கு நாட்களாக அலுவலகம் விட்டு வந்ததும் எதுவும் செய்யத் தோன்றாமல் படுத்துவிட்டேன், போதாக்குறைக்கு, என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்த என் மாமியார், "முகமே மாறிப் போச்சே, முழுகாம இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டார். கணவரை மருந்துக் கடைக்கு அனுப்பி சோதனை அட்டை வாங்கிப் பார்த்ததில் ஒற்றைக் கோடுதான் தெரிந்தது. நம்ப மனமில்லாமல் ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து அதே அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, இரண்டாவது கோட்டின் இடத்தில் சாம்பல் நிறத்தில் நிழல் போல ஏதோ தெரிந்தது. அந்த நிழலை நம்பி ஒரு பகல் முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் புதிய அட்டையிலும் ஒற்றைக் கோடுதான்.

பின்னர் மருத்துவர் விளக்கியபோதுதான், அந்த நிழல் சிறுநீர் காய்ந்ததால் விழுந்த தடம் என்பதும், குறித்த சில நிமிடங்களுக்குப் பின் அட்டையைப் பார்க்கவே கூடாது என்பதும் புரிந்தது. அதைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. நான் அறிகுறிகள் என்று நம்பிய எவையும் கர்ப்பத்துக்கு மட்டுமே உரிய அறிகுறிகள் அல்ல. சினைமுட்டை வெளியேறிய பின், கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும், ஒவ்வொரு மாதமும் சினைப்பை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; மார்பக வலி, சோர்வு, வயிற்று உப்புசம், காரணமில்லாத எரிச்சல் ஆகிய எல்லாவற்றையும் அதுவே உண்டாக்கிவிடும். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய வாரத்தின் உடம்பும் கர்ப்பத்தின் முதல் வாரங்களின் உடம்பும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் மாதந்தோறும் ஏமாறுவதற்கும் இதுவேதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்வது வெறும் இடக்கரடக்கல் அல்ல. மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் நாள் அந்த மாதம் வரவில்லை என்பதே அதன் பொருள். வாந்தியையோ மயக்கத்தையோ சொல்லாமல், நாள் தள்ளிப் போனதையே முதல் அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 28 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வருபவர்களுக்கே அந்தக் கணக்கு எளிது. எனக்குச் சுழற்சி 36 நாட்கள், சில மாதங்களில் அதற்கும் மேல். அப்படியானால் முட்டை வெளியேறுவதும் 14-வது நாளில் அல்ல, ஏறத்தாழ 22-வது நாளிலோ அதற்குப் பிறகோதான். கருவுற்ற முட்டை கருப்பையின் சுவரில் பதிய அதன்பின் பெரும்பாலும் 6 முதல் 12 நாட்கள் ஆகும். பதிந்த பிறகே எச்.சி.ஜி. ஹார்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் கலக்கத் தொடங்கும். சோதனை அட்டை தேடுவது அந்த ஒரே ஹார்மோனைத்தான். ஆகவே 30-வது நாளில் நான் பத்து அட்டைகள் வாங்கியிருந்தாலும் பத்தும் ஒற்றைக் கோட்டையே காட்டியிருக்கும்.

இடைப்பட்ட நாட்களில், நுரைத்தால் கர்ப்பம் என்ற நம்பிக்கையில், கிண்ணத்தில் உப்பைப் போட்டுச் சிறுநீர் ஊற்றிப் பார்க்கும் வேலையையும் செய்தேன் என்பதைக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்கிறேன். நுரை வந்தது. உப்புக்கும் சர்க்கரைக்கும் பற்பசைக்கும் எச்.சி.ஜி.யை அடையாளம் காணத் தெரியாது. என் கணவர் சோதித்திருந்தாலும் நுரை வந்திருக்கும். 1930-களிலிருந்து 1960-கள் வரை பல நாடுகளில் பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளை ஒன்றுக்கு ஊசி மூலம் செலுத்தி, மறுநாளுக்குள் அது முட்டையிடுகிறதா என்று பார்த்தார்கள். விநோதமாகத் தோன்றினாலும் அந்தத் தவளை இதே ஹார்மோனுக்குத்தான் முட்டையிட்டது என்பதால், உப்பைவிட அது எவ்வளவோ நம்பகமானது.

38-வது நாள் விடியற்காலையில், இரவு முழுவதும் தேங்கிய முதல் சிறுநீரில் மூன்று சொட்டை அட்டையில் விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றேன். அட்டை சரியாக வேலை செய்வதைக் காட்டும் சி என்ற இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு. முடிவைக் காட்டும் டி என்ற இடத்தில் மிக மங்கலாக, ஆனால் இளஞ்சிவப்பு நிறத்துடன் இன்னொரு கோடு. குறித்த நேரத்துக்குள் நிறத்தோடு தெரியும் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ஹார்மோன் இருக்கிறது என்றே பொருள்.

இரண்டு கோடு தெரிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. 40-வது நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.சி.ஜி. அளவு 96, சரியாக 48 மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்ததில் 210. தொடக்க வாரங்களில் இந்த அளவு இரண்டு, மூன்று நாட்களுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும் என்பதால், ஒற்றை எண்ணைவிட அது ஏறும் வேகமே முக்கியம். கரு கருப்பைக்குள் பதியாமல் கருக்குழாயில் பதிந்தாலும் சோதனை அட்டை இரண்டு கோடுகளைக் காட்டும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் இரண்டு முறை சொன்னார். வீட்டிலுள்ள பெரியவர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. "முதல் மாசம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வலியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

45-வது நாள் ஸ்கேனில் கருப்பைக்குள், கருவைச் சூழ்ந்திருக்கும் சிறிய பை மட்டும் தெரிந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. நாட்கணக்கின்படி ஆறு வாரம் கடந்திருக்க, இதயத்துடிப்பு தெரியவில்லையே என்று நான் கலங்கியதைப் பார்த்த மருத்துவர், உங்களுக்கு முட்டை தாமதமாக வெளியேறியிருக்கும், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த இரண்டு வாரத்தில்தான் உண்மையான மசக்கை வந்தது. ரசம் தாளிக்கும் வாசனை கூடத்திலிருந்தே குமட்டியது; நான் உயிராக விரும்பிய காப்பியின் மணம் ஈரச் சாக்கின் நாற்றமாக மாறியது. மாமியாரோ, முப்பதாம் நாளே தாம் சொல்லிவிட்டதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுக்கவும் முடியவில்லை.

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நான் முன்பே தொடங்கியிருந்தேன். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்று 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குச் செய்தி தெரிவதற்குள் அது முடிந்தே போகிறது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்வது அதனால்தான்.

59-வது நாள் ஸ்கேனில், 9 மில்லிமீட்டர் நீளத்தில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று தெரிந்தது. அதன் நடுவே நிமிடத்துக்கு 128 முறை ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. நாட்கணக்கில் எட்டரை வாரம். அளவின்படி ஏழு வாரத்துக்கும் ஒரு நாள் குறைவு. அடுத்த வாரம், கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணுக்காகப் பதிவு செய்ய வந்த சுகாதார செவிலியர் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டபோது, தேதியைச் சொல்லி ஸ்கேன் அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் போனபின், சமையலறைக் காலண்டரில் பிரசவ நாள் என்று நான் முன்பே வட்டமிட்டிருந்த தேதியை அடித்துவிட்டு, பதினொரு நாள் தள்ளிப் புதிய வட்டம் போட்டேன்.