மாலை ஆறு மணிக்குப் பிறகு

போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும் பேசுவதே பல ஆண்டுகளாக என் பணி. சிங்கப்பூரில் தமிழில் பேசும் ஆலோசகரைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் தாமாக விரும்பி வருவதில்லை. மனைவி பிடிவாதமாக அழைத்து வந்திருப்பார். கடன் கொடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். வேலையிடத்தில் இறுதி எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்திருக்கும். ஈசூனில் குடியிருப்பவர் ஜூரோங்கிலுள்ள நிலையத்தைத் தேடி வருவதும் உண்டு. நம் சமூகம் இங்கே சிறியது என்பதால், தேக்கா சந்தையிலோ கோயில் வாசலிலோ நாளை எதிர்ப்படக்கூடிய ஒருவர் இன்று நம்மை இந்த வாசலில் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் அவர்களை அவ்வளவு தூரம் பயணம் செய்ய வைக்கிறது. அந்த அச்சத்தை மதித்து, இங்கே நான் குறிப்பிடும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் கணக்குகள் துல்லியமாக வந்து விழும். எத்தனை போத்தல், எவ்வளவு கடன், எந்த ஆண்டில் தொடங்கியது, எத்தனை முறை விட முயன்றது என எல்லாம் சொல்வார்கள். குடிப்பதற்குச் சற்று முன்னால் மனம் எப்படி இருந்தது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். துவாஸ் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "ஒண்ணும் நடக்கல மிஸ். வேல முடிஞ்சுது, குடிச்சேன், அவ்வளவுதான்," என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.

இப்படிப்பட்ட இடத்தில் நான் விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு மணி வாரியாக அவரோடு நடந்து பார்ப்பேன். ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. நிறுவனப் பேருந்து ஜூ கூன் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்தால் தூங்கிவிடுவார், கிடைக்காவிட்டால் கைப்பேசி. தம் வட்டாரத்தில் இறங்கி, பாலத்தைக் கடந்து, காப்பிக்கடையைத் தாண்டித்தான் தம் அடுக்குமாடிப் புளோக்குக்குப் போக வேண்டும். காப்பிக்கடையைத் தாண்டி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டா மவன் ரூம் கதவ சாத்திடுவான் மிஸ்," என்றார்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அந்தக் கதவு திறக்காது. அந்தக் கதவுக்கு எதிரே நிதானத்தோடு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ஆகவே காப்பிக்கடையில் முதல் போத்தல், பிறகு இரண்டாவது. பையன் கதவைச் சாத்துவதோ அப்பா குடித்துவிட்டு வருகிறார் என்பதால். இரண்டு பேருமே ஒருவரையொருவர் எண்ணி நொந்துகொண்டு, ஒருவர் நோவை மற்றவர் வளர்த்துவந்தார்கள். அவர் மனைவி அதுவரை அவருடைய கோபத்தை மட்டுமே பார்த்திருந்தார். அதன் அடியில் கிடந்தது அவமானமும் துக்கமும். தம் தந்தை இறந்தபோது சடங்குகளையெல்லாம் முன்னின்று முடித்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனவர் அவர் என்பதும், தந்தையோடும் கடைசிக் காலத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் பல வாரங்கள் கழித்துத்தான் தெரியவந்தன.

உணர்ச்சியைச் சொற்களில் சொல்வது மூளையில் அதன் வேகத்தைத் தணிக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 2007இல் அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அச்சமும் கோபமும் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் சில நொடிகளில் நடப்பதற்கு, நம் ஆண்களுக்குச் சில மாதங்கள் ஆகின்றன. சிறு வயதிலிருந்தே கோபத்தைத் தவிர வேறெதையும் வெளியே காட்ட அனுமதிக்கப்படாத ஒருவர், ஐம்பது வயதில் "எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு" என்று சொல்வதற்கு வேண்டிய துணிவை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை.

குடி அவர்களுக்கு உதவவில்லை என்று நான் ஒருபோதும் வாதிட்டதில்லை. முதல் குவளை உண்மையிலேயே ஆறுதல் தருகிறது. நாளடைவில் அந்த ஆறுதலுக்கு மேலும் மேலும் அதிகம் தேவைப்பட்டு, பிறகு ஆறுதலே இல்லாமல் நடுக்கத்தைத் தடுப்பதற்காக மட்டும் குடிக்க வேண்டிய நிலை வருகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் நிலையும் ஏற்படலாம். கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தவிப்பு புரிகிறது. ஆனால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். புவாங்கோக்கிலுள்ள மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

சூதாட்டத்தில் வாய் நாறாது, கால் தடுமாறாது. அதனால் குடும்பத்துக்குத் தெரியவரும்போது சேமிப்பு கரைந்து முடிந்திருக்கும். 2010இல் சூதாட்டக்கூடங்கள் கொண்ட ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்கள் இரண்டும் சிங்கப்பூரில் திறக்கப்பட்டபோது, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது. 2019இல் அது 150 வெள்ளியானது. இத்தகைய தடைகள் பலரைக் காக்கின்றன என்றே நினைக்கிறேன். ஆனால், என்னிடம் வருபவர்களில் பலர் அங்கே போனவர்கள் அல்லர். நான்கு இலக்க லாட்டரிக்குப் புதன், சனி, ஞாயிறு. டோட்டோ என்னும் மற்றொரு லாட்டரிக்குத் திங்கள், வியாழன். வழக்கமான குலுக்கல்கள் இல்லாத நாள் செவ்வாயும் வெள்ளியும்தான். வாரம் முழுவதும் எதிர்பார்ப்பிலேயே ஓடிவிடுகிறது.

கணவரை இழந்தபின், படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த ஓர் அம்மா, மன்றம் ஒன்றின் ஜாக்பாட் இயந்திரத்தில் தம் நகைகளைத் தொலைத்திருந்தார். பேராசை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் சொன்னதோ வேறு: "அங்க உக்காந்தா என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா." எப்போது பரிசு விழும் என்று கணிக்க முடியாத ஒன்றுக்கு மனம் மிக இறுக்கமாகக் கட்டுண்டுவிடும் என்பது உளவியலில் நெடுங்காலமாக அறியப்பட்டது, இயந்திரம் அப்படித்தான் வடிவமைக்கப்படுகிறது. ஆயினும் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது களைப்பு. முதியோர் பராமரிப்பில் பிள்ளைகள் பங்கெடுத்துக்கொள்ளத் தொடங்கி, வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அவருக்கென்று கிடைத்த பிறகே எங்கள் உரையாடலுக்குப் பலன் கிடைத்தது. அறிவுரை அவருக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்திருந்தது. கள்ளுண்ணாமையும் சூதும் திருக்குறளில் அடுத்தடுத்த அதிகாரங்கள் என்பதைப் பள்ளியில் படித்த தமிழர் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அவற்றுக்கு அடுத்து வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதை மட்டும் சில குடும்பங்களுக்கு நினைவூட்டியிருக்கிறேன்.

போதைப்பொருள் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினர்தான். போர்க்களமும் அச்சமும் சலிப்பும் பின்தங்கிவிட, வீடும் வேலையும் உறவும் முன்னே வந்து நின்றன.

சிங்கப்பூரில் அந்த வாய்ப்பு நமக்கு இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் போதைப்பொருள் மட்டும் புழங்கியவர்கள் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் வெளியே வரும் இளைஞர் திரும்பிப் போவது அதே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு, அதே மின்தூக்கிக்கு, அதே கீழ்த்தளத்து நண்பர்களிடம். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீடு மாறினாலும் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் பழைய இடம் வந்துவிடும். இடத்தை மாற்ற முடியாத ஊரில் நாம் மாற்றக்கூடியவை இரண்டே: பொழுதும், அந்தப் பொழுதில் உடன் இருப்பவர்களும். சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தவறாமல் போய்வரும் இளைஞர்கள்கூட, பரிசோதனை இல்லாத நாள்களின் மாலையில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். பழக்கத்தை விடுவது பற்றி நம் சமூகத்தில் நிறையப் பேசுகிறோம். விட்டபின் காலியாகக் கிடக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

வாழ்க்கையின் பொருள் என்ன என்ற கேள்வியை நான் அறைக்குள் எழுப்புவதில்லை. துன்பத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி மற்றுமொரு தேர்வுத்தாளாகவே தெரியும். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்க்கல், வாழ்க்கையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதைவிட அது நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதே முக்கியம் என்றார். என் பணியில் அதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன்: மாலை ஆறு மணிக்கு இந்த மனிதருக்காக யார் காத்திருக்கிறார்கள்?

துவாஸ் மேற்பார்வையாளருக்குக் கை வேலை நன்றாகத் தெரியும். புளோக்கின் கீழ்த்தளத்தில், அண்டைவீட்டுச் சீனப் பாட்டியின் சக்கர நாற்காலியில் பிரேக் பிடிக்காமல் இருந்ததைக் கண்டு ஒருநாள் சரிசெய்து கொடுத்தார். பாட்டி தம் தோழியின் நாற்காலியையும் அனுப்பி வைத்தார். பிறகு அருகிலிருந்த முதியோர் நிலையத்தில் கேட்டார்கள். செவ்வாயும் வியாழனும் ஆறரை மணிக்கு அவர் அங்கே போகத் தொடங்கினார். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் அலையைப் போல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். கையில் ஸ்பானரும் பக்கத்தில் பேச்சுத்துணையும் இருந்தபோதுதான் அதை அவர் நம்பினார்.

தீபாவளிக்கு உறவினர் வீட்டில் மறுபடியும் குடித்தார். அடுத்த வாரம் என்னிடமும் வரவில்லை, நிலையத்துக்கும் போகவில்லை. அவமானம்தான் மறுபடியும் குடிக்க வைக்கிறது. ஒருமுறை சறுக்கியதைக் குடும்பம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அவர் மனைவி சண்டை போடவில்லை. "அந்தப் பாட்டி ரெண்டு நாளா உங்களக் கேக்குறாங்க," என்று மட்டும் சொன்னாராம். வியாழக்கிழமை போனார். மகனோடு இன்னும் சரளமான பேச்சு இல்லை. கதவு சில நாள் திறந்திருக்கிறது, சில நாள் சாத்தியிருக்கிறது.

அந்த மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் என்னைச் சந்திப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அவர் தனியாக வந்துவிட்டார். போத்தல்களை எண்ணுவதும், வாயை முகர்ந்து பார்ப்பதும், வேலையிடத்துக்குத் தொலைபேசியில் பொய் சொல்வதும், கடனை அடைப்பதும் தாமே என்று ஆகிவிட்டதில் அவருக்குத் தூக்கமே போயிருந்தது. கணவர் வர மறுத்தால் தமக்கு உதவி கிடைக்காது என்று எண்ணிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையில்லை. குடிப்பவரோ சூதாடுபவரோ வர மறுத்தாலும் குடும்பத்தினர் தனியாக வந்து ஆலோசனை பெறலாம். குடும்பத்தைப் பாதிக்கும் அளவுக்குச் சூதாடுபவர் சூதாட்டக்கூடங்களுக்குள் நுழையாதிருக்கத் தடை ஆணை கோரிக் குடும்பத்தினரே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. உங்கள் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்தில் கேட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். தமிழில் பேச வேண்டும் என்றால் அதையும் தயங்காமல் கேளுங்கள்.